பெயரிறக்கும் நாள்

எங்கள் லேபில் அவளுக்குப் பஞ்சாங்கம் என்று பேர். வைத்தவர் பீங்கான் அண்ணா. சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் அந்த உலகத்தில் எந்த மாதம் என்ன பண்டிகை, அதற்கு முதல் நாள் என்ன விரதம், எந்தக் கிழமை யார் யாரைத் தொடக்கூடாது என்று ஒப்பிப்பாள். "கார்ட்டூன் இல்லப்பா, அனிமே" என்று நடுவில் திருத்தவும் செய்வாள். இல்லாத ஊருக்கு நாள் குறிக்கிறவளுக்கு வேறு என்ன பேர் வைக்க முடியும்?

லேப் என்றால் பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பல்செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிற இடம். ஒரே நீள அறை, ஆறு பேர். அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுத்துக் கொடுப்பவரைச் சுண்ணாம்பு என்போம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்குவது பஞ்சாங்கம் அக்கா. மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அதன் இடத்தில் ரோஸ் நிற ஈறு வேகவைக்கிற இரண்டு பெண்கள் எப்போதும் சேர்ந்தே பேசுவார்கள், சேர்ந்தே டீ குடிக்கப் போவார்கள், அவர்கள் ஜோடி. பல்லின்மேல் மாட்டுகிற பீங்கான் கேப் செய்பவர் பீங்கான் அண்ணா. அவருக்கு மட்டும் தனி விளக்கு, தனிச் சூளை. கடைசி மூலையில் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து முடிந்த பல்செட்டைப் பளபளக்க வைப்பது நான். பேரும் மெருகுதான். முகமூடி போட்டுத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாலும் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வரும்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. தங்கையும் தங்கை புருஷனும் இருக்கும் வீட்டில் மாடி அறையில் இருந்தாள். அவள் அடுக்கிய பல்வரிசையை நான் சக்கரத்தில் பிடிக்கும்போது சில சமயம் சிரிப்பே தெரியும். யாரோ கிழவருக்கு முன்பல் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருப்பாள். "பழைய போட்டோவுல அப்படித்தான் இருந்துச்சு. நேரா வச்சா அவர் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது" என்பாள். அப்படிப்பட்ட கை.

அந்தத் தொடரை எங்களுக்குப் பழக்கியதும் அவள்தான். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து அர்த்தம் சொல்லி, ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு. முதலில் கிண்டலுக்காகப் பார்த்தோம். பிறகு சாப்பாட்டு மணி அடிக்குமுன்பே சுண்ணாம்பு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

கடல் வற்றிப்போன உலகம் அது. ஜனங்கள் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் குடியிருப்பார்கள். அவர்கள் கும்பிடுவது ஒரு காலி நாற்காலியை. சாமி எழுந்து தண்ணீர் தேடிப் போயிருக்கிறது, வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று தினமும் துடைத்து வைப்பார்கள். வருஷத்துக்குப் பதினோரு பண்டிகை. தண்ணீரே இல்லாமல் படகைக் கழுவுகிற நாள், யாரும் சிரிக்கக்கூடாத நாள், செத்தவர்களின் செருப்பை வாசலில் திருப்பி வைக்கிற நாள் என்று பதினொன்று. நிலா எத்தனை தடவை முழுசாக வருகிறது என்று எபிசோடு எபிசோடாக எண்ணி, அவர்கள் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் என்று அக்கா கண்டுபிடித்திருந்தாள். ஒரு நோட்டில் எல்லாம் எழுதி, நம்முடைய காலண்டரில் எந்தத் தேதிக்கு எது வரும் என்று பக்கத்தில் குறித்திருந்தாள்.

"நம்ம லீவையே முதலாளி ஒழுங்கா தரமாட்டேங்கறார். நீ யாரோட லீவுக்கு நாள் பாக்கற?" என்றார் சுண்ணாம்பு.

"லீவுன்னு நினைக்காதீங்க. பண்டிகைய அவங்க சும்மா அலங்காரத்துக்கு வரையல. ஒரு ஜனம் எதுக்கு பயப்படுதுன்னு தெரியணும்னா அவங்க என்ன கொண்டாடறாங்கன்னு பாக்கணும்."

"அப்போ நீ எதுக்கு பயப்படறே?" என்றார் பீங்கான் அண்ணா. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

சங்கடம் ஆரம்பித்தது, நாலு கேப்பைச் சேர்த்துக் கட்டுகிற ஒரு பிரிட்ஜில். டாக்டர் ஒருவர் நேரில் வந்திருந்தார். முதலாளி அவரை ஒவ்வொரு மேஜையாக அழைத்துக்கொண்டு வந்து, பீங்கான் அண்ணாவின் மேஜையில் நின்று, "இவர் கையில ஒரு தடவை போனா திரும்பி வராது சார்" என்று பெருமையாகச் சொன்னார். அப்போது பஞ்சாங்கம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது சீட்டுல பேர் போட்டிருக்கற அம்மா வாய் இல்லையே. அவங்க கீழ்த்தாடை இடது பக்கம் குறுகலா இருக்கும். அச்சு மாறிடுச்சு போலிருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. அச்சு மாறித்தான் போயிருந்தது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளிலிருந்து கேப் எதுவும் வெளியே போகுமுன் பஞ்சாங்கம் பார்க்கவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பதினாறு வருஷம் கேப் செய்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாருக்குண்ணா" என்பாள். மனசார சொல்வாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அவரே ஆரம்பித்தார். "பஞ்சாங்கம், அந்தப் பெயரிறக்கும் நாள் எப்போ வருது?"

அக்காவின் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வது! நோட்டைப் புரட்டவே இல்லை. "வர்ற திங்கக்கிழமை" என்றாள்.

அந்த உலகத்தில் அதுதான் பெரிய பண்டிகை. விடியற்காலையில் ஊரார் எல்லோரும் பையில் கைவிட்டு ஒரு கூழாங்கல் எடுப்பார்கள். கறுப்புக்கல் வருகிறவர் தன் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கோயில் கதவில் தலைகீழாக மாட்டவேண்டும். அதிலிருந்து பொழுது சாயும்வரை அவர் யாரும் இல்லை. யாரும் அவரைப் பார்க்கமாட்டார்கள், பேசமாட்டார்கள், எதிரில் வந்தால் காற்றைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவார்கள். அவரும் வாய் திறக்கக்கூடாது. ஊருக்கு வரவேண்டிய கேடெல்லாம் ஆள் தேடி வரும், பேர் இல்லாதவர்மேல் ஏறிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் ஊரே வரிசையில் வந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரு வாய் ரொட்டி ஊட்டும். அந்த வருஷம் முழுக்க அவருக்குத்தான் முதல் மரியாதை.

"நாமளும் கொண்டாடலாமே" என்றார் பீங்கான் அண்ணா. "முதலாளிதான் அந்த வாரம் பூரா வெளியூர்ல இருக்கார். யார் கேக்கப் போறா?"

அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "நிஜமாவா அண்ணா?"

திங்கட்கிழமை காலை, அவள் வருமுன், அவர் எங்கள் நாலு பேர் உள்ளங்கையிலும் ஆளுக்கொரு வெள்ளைப் பல் வைத்தார். கூழாங்கல்லுக்குப் பதிலாக, கடையில் வாங்குகிற சாதாரணப் பல். "பையில கைய விடு, இதையே எடுத்துக் காட்டு. அவ்வளவுதான். உள்ள இருக்கறதெல்லாம் கறுத்த ஷேடு." ஜோடி இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுண்ணாம்பு, "பாவம்பா" என்றார். பல்லை மட்டும் திருப்பித் தரவில்லை. நானும் தரவில்லை. எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூளில் எனக்கு மூச்சு முட்டியபோது தன் ஜன்னலைத் திறந்து என்னை அங்கே உட்காரவைத்தவள் அவள்தான். ஆனால் ஐந்து பேர் இருக்கிற இடத்தில் நாலு பேர் கைநீட்டும்போது நாம் மட்டும் நீட்டாமல் இருப்பது எப்படி? அப்போது அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் கூத்துதானே.

அவள் எடுத்தாள். தேநீர்க்கறை பிடித்தாற்போலக் கறுத்த கடைவாய்ப் பல். சின்னக் குழந்தைக்குப் பரிசு விழுந்ததுபோலக் கண் கலங்கிவிட்டது. ஏப்ரனில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை உரித்துக் கதவில் தலைகீழாக ஒட்டினாள். திரும்பி எங்களைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டாள். அத்தோடு வாய் திறக்கவில்லை.

அன்று முழுவதும் நாங்கள் அமர்க்களமாக நடித்தோம். அவள் நாற்காலியில் ஜோடி தங்கள் பைகளை வைத்தார்கள். சுண்ணாம்பு அவள் தலைக்கு மேலே கையை நீட்டிக் கருவியை எடுத்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றே பல் அடுக்கினாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கை கழுவினாள். குளியலறைக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டாள். கதவருகே வந்து நின்றாள், ரொட்டி வாங்கிக்கொள்ளத் தயாராக, லேசாக வாய் திறந்தாற்போல.

நாங்கள் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக அவளைக் கடந்து வெளியே போனோம். கடைசியாக வந்த பீங்கான் அண்ணா விளக்கு சுவிட்சில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "உள்ள யாரும் இல்லையே?"

"யாரும் இல்லண்ணா" என்றேன் நான்.

விளக்கை அணைத்தார்.

மறுநாள் அவள் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. எனக்குக் காரணம் புரிய மத்தியானம் ஆயிற்று. மேஜைமேல் நோட்டு திறந்திருந்தது. பதினெட்டாம் எபிசோடு. அதில் ஊருக்குள் சண்டை வந்து, பெயரிறக்கியவரைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். அவர் உப்புவெளி ஓரத்தில் மூன்று நாள் வாய் திறக்காமல் காத்திருப்பார். முந்திக்கொண்டு அவராகப் பேசினால் கேடெல்லாம் ஊர்மேல் திரும்பிவிடும். மூன்றாம் நாள் தீப்பந்தத்தோடு ஊரே அழுதுகொண்டு வந்து கூப்பிடும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'இவர்கள் இதையும் கவனித்திருக்கிறார்கள்!'

நாங்கள் அந்த எபிசோடைத்தான் நடத்திக் காட்டுகிறோம் என்று நம்பிவிட்டாள். அவ்வளவு ஆழமாகப் பார்த்திருக்கிறோமே என்று சந்தோஷம் வேறு. பீங்கான் அண்ணாவிடம் சொன்னேன். அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசியபடி, "அப்போ மூணு நாள் நமக்கு வேலை இல்ல. அவளே பாத்துப்பா" என்றார்.

செவ்வாய் சாயங்காலம் கை கழுவித் தலை வாரிக்கொண்டு நின்றாள். புதன் சாயங்காலமும் நின்றாள். புதன்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாங்கள் போய்விட்டோம். நான் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக அவள் இன்னும் கதவைப் பார்த்தபடியே நிற்பது தெரிந்தது.

வியாழக்கிழமை காலை அவள் பேசினாள்.

"சரிப்பா, போதும். மூணு நாள் முடிஞ்சுது. ரொம்ப நல்லா பண்ணீங்க" என்று கையைத் தட்டினாள்.

சுண்ணாம்பு பிளாஸ்டரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஜோடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "நேத்து உன் பையனுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்றாள்.

"என்னப்பா... போதும்னு சொல்றேன் இல்ல?"

"ஃபேன் சத்தம் போடுதா என்ன?" என்றார் பீங்கான் அண்ணா, மேலே பார்த்து.

அவள் சிரிக்க முயற்சி செய்தாள். பிறகு ஒவ்வொருவர் மேஜையாகப் போனாள். "அண்ணா." "இந்தாம்மா, என்னைப் பாரு." "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? சொன்னாத்தானே தெரியும்?" என்னிடம் வந்தபோது சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் ஜில்லென்றிருந்தது. "மெருகு, நீயாவது பேசேன். விளையாட்டா இருந்தா விளையாட்டுன்னு சொல்லிடு. ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு."

கண்ணைத் தூக்கியிருந்தால் போதும். நான் சக்கரத்தை நிறுத்தினேன். கையை உதறிக்கொண்டேன். "அண்ணா, எனக்கு என்னமோ கை மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றேன்.

"தூரமா உக்காந்து பழகு. அந்த மெஷின் அதிர்வுதான்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அவள் தலை வாராமல் வந்தாள். யாருக்கோ அடுக்கிய பல்வரிசையில் மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் வைத்திருந்தாள். மெழுகு உருக்குகிற விளக்கைப் பற்றவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தன் பேரைத் தானே சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் சத்தமாக, பிறகு நாற்காலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு. ஜோடியில் சின்னவள் எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் அவளும் பேசவில்லை. யார் முதலில் பேசுவது? பேசினால், நாலு நாள் ஏன் பேசவில்லை என்று சொல்லவேண்டும். நாள் ஆக ஆக அது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. ஐந்தாம் நாள் அது விளையாட்டாக இல்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் நடந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை முதலாளி வந்தார். முந்தின நாளே பீங்கான் அண்ணா அவருக்குப் போன் செய்து, பஞ்சாங்கத்துக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது, அந்தக் கார்ட்டூனைப் பார்த்துப் பார்த்து என்னவோ ஆகிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை, பேர்ச்சீட்டைப் பிடுங்கிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள் என்று சொல்லியிருந்தார். அதில் எதுவும் பொய் இல்லை பாருங்கள்.

முதலாளியைக் கண்டதும் அவள் ஓடினாள். கையில் மெழுகுக் கத்தி இருந்ததைக்கூட மறந்து ஓடினாள். "சார், நான் தெரியறேனா? சார், இவங்க யாரும் என்னைப் பாக்கமாட்டேங்கறாங்க. என் பேரைக் கூப்பிடமாட்டேங்கறாங்க. அஞ்சு நாளா நான் இல்லாத மாதிரியே..."

முதலாளி கத்தியைப் பார்த்துப் பின்வாங்கினார். அப்போதுதான் பீங்கான் அண்ணா எழுந்து வந்து, தூக்கத்தில் பயந்த குழந்தையிடம் பேசுகிற குரலில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? காலையிலேருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன்? நீதானே திரும்பிப் பாக்கமாட்டேங்கறே?"

உடனே ஜோடியில் பெரியவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "ஆமாக்கா. தினமும் சாப்பிடக் கூப்பிடறோம். நீங்க சுவரைப் பாத்துட்டு நிக்கறீங்க." பிறகு சுண்ணாம்பு. பிறகு நான். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் ஆரம்பித்ததும் எங்கள் எல்லோருக்கும் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டது.

அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன். அவள் சந்தேகப்பட்டது தன்னை. காதில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். கத்தி கீழே விழுந்தது.

"கூப்பிட்டீங்களா?" என்றாள்.

"கூப்பிட்டோமேக்கா" என்றேன்.

தங்கையை வரவழைத்தார்கள். அக்காவைவிட உயரமான, படபடப்பான பெண். வீட்டிலும் அக்கா நாலு நாளாகச் சாப்பிடவில்லை, கேட்டால் "ரொட்டி வரட்டும்" என்கிறாள் என்று சொல்லி முதலாளியிடம் அழுதாள். நோட்டைப் புரட்டினாள். பதின்மூன்று மாதக் காலண்டர், காலி நாற்காலிப் படம், மூன்று நாள் காத்திருக்கவேண்டும் என்ற விதி. ஒவ்வொரு பக்கமும் அவள் முகத்தை இன்னும் வெளிறச் செய்தது. பிறகு என்னைத் தனியாகக் கைகழுவும் இடத்துக்கு அழைத்துப் போனாள்.

"உங்களைப் பத்திதான் அக்கா எப்பவும் பேசுவா. அதான் உங்ககிட்ட கேக்கறேன். நீங்க எல்லாரும் அவளை ஒதுக்கி வச்சுட்டீங்கன்னு சொல்றா. ஏதோ பண்டிகை, குலுக்கல்னு சொல்றா. அப்படி ஏதாவது நடந்துச்சா? நீங்க சொன்னா நான் நம்பறேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்து பீங்கான் அண்ணாவின் குரல் கேட்டது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. சூளை சூடாகிவிட்டதா என்று யாரிடமோ கேட்டார், அவ்வளவுதான்.

"திங்கக்கிழமை சும்மா ஒரு மணி நேரம் விளையாடினோம்" என்றேன். "நாங்க அப்பவே முடிச்சுட்டோம். அக்காதான் அதுலேருந்து வெளிய வரலை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்க்ஸ்ங்க. உண்மையைச் சொன்னதுக்கு" என்றாள்.

நோட்டை அவள் எங்கள் குப்பைத்தொட்டியிலேயே கிழித்துப் போட்டாள். உடைந்த பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே அது கிடந்தது. அக்கா தடுக்கவில்லை. தங்கை தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனபோது வாசலில் நின்று எங்களிடம், "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்தார்களாம். லேபில் ஜன்னல் ஓர இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். முதலாளி என்னை அங்கே உட்காரச் சொன்னார். பீங்கான் அண்ணா தானே வந்து மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். கேப்புகளை யாரும் பார்க்கவேண்டியதில்லை என்றும் ஆயிற்று. மூக்குச் சளி வெள்ளையாக வர ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் அவரவர் போனை அவரவர் பார்த்தோம். அந்தத் தொடரின் மிச்சத்தை யாரும் பார்க்கவில்லை. எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அக்கா உங்களைப் பாக்கணும்னு சொல்றா. டாக்டரும் பழைய சிநேகிதங்க வந்து பேசினா நல்லதுங்கறார். வேற யாரையும் கூப்பிடப் பிடிக்கலை எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடி அறையைப் பூட்டிவிட்டு அவளைக் கீழே கூடத்தில் வைத்திருந்தார்கள். கொஞ்சம் பூசினாற்போலிருந்தாள். மடியில் தட்டை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தோலிலிருந்து தெறித்த பட்டாணி பாதி தரையில் கிடந்தது. மாத்திரையினால் விரல் நடுங்கியது. சாய்ந்த பல்லைச் சாய்ந்தபடியே வைக்கத் தெரிந்த விரல்.

"வா வா" என்றாள். "இளைச்சுட்டியே. எல்லாரும் சவுக்கியமா? பீங்கான் அண்ணா என்மேல கோவமா இருக்காரா?"

"இல்லக்கா. கேட்டதா சொல்லச் சொன்னார்."

"உங்களையெல்லாம் ரொம்ப படுத்திட்டேன் இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

தங்கை காபி போட உள்ளே போயிருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, முகத்தை என் அருகே கொண்டுவந்தாள். "டாக்டர் சொல்றார், காது கேக்குமாம், ஆனா உள்ள போய்ச் சேராதாம். அப்படி ஒரு வியாதி இருக்காம். நான் தினமும் யோசிச்சுப் பாக்கறேன். அந்த அஞ்சு நாளும் நீங்க கூப்பிட்டது எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. ஒரு குரலாவது வந்தா, சரி, எனக்குக் குணமாகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு பாக்கறேன். வரவே மாட்டேங்குது. அதனால உன்கிட்ட கேக்கறேன். நான் உன் கையைப் பிடிச்சேன் இல்ல, அது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்போ நீ என்ன சொன்னே?"

கூடத்தில் வேறு யாரும் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பாள். அடுத்த மாதமே லேபுக்கும் வந்திருப்பாள். ஜன்னல் ஓரம் வந்து நின்று, நகரு என்றிருப்பாள், சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பாள்.

"உங்க பேரைச் சொன்னேன்கா" என்றேன். "நீங்க கேக்கலை."

"எத்தனை தடவை?"

"நிறைய தடவை."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். கண்ணில் நீர் தளும்பியது. என் கன்னத்தைத் தடவி, "நீ நல்லவ. மத்தவங்களா இருந்தா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு விட்டிருப்பாங்க" என்றாள். பிறகு தங்கையை நோக்கிக் குரல் கொடுத்தாள். "நான் சொன்னேன் இல்ல? இவ கூப்பிட்டிருக்கா. நான்தான் கேக்கலை."

காபி வந்தது. குடித்தேன். சர்க்கரை போதுமா என்று தங்கை கேட்டாள், போதும் என்றேன். மூவருமாகத் தரையில் கிடந்த பட்டாணியைப் பொறுக்கினோம். கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்து, உங்களைப் பார்த்ததில் அவள் முகமே தெளிந்துவிட்டது, மாதம் ஒரு தடவையாவது வாருங்கள் என்றாள். வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் வந்தது. நான் எடுக்கவில்லை.